பிரேசோஸ் பெண்டில் ஓடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஹூஸ்டனைச் சுற்றி இருக்கும் நம்மவர்கள், அதிலும் சுகர்லேண்ட், மிசௌரி சிட்டி, பியர்லேண்ட் பக்கம் இருப்பவர்கள், ஓட ஆரம்பித்தால் முதலில் வீட்டு வாசலில் இருக்கும் சிமெண்ட் நடைபாதையில் ஓடுவார்கள், அப்புறம் குடியிருப்புக்குள் வெட்டி வைத்திருக்கும் குளத்தைச் சுற்றுவார்கள், அதுவும் அலுத்தபின் வேறு எங்கே ஓடலாம் என்று கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க். ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குள், ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், நீட்வில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1984இல் திறந்த பூங்கா, ஏறத்தாழ 5,000 ஏக்கர், உள்ளே முப்பது மைலுக்கு மேல் பாதைகள். ஏரி, சதுப்பு, ஆற்றோரக் காடு மூன்றும் ஒன்றையொட்டி ஒன்றாகக் கிடக்கின்றன. மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அப்புறம், முதலைகள் உண்டு. நிறைய உண்டு.

முதலைகள் இருப்பதால் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வருடம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிற, ஓடுகிற, சைக்கிள் ஓட்டுகிற இடம் இது. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் ஓட்டத்தை நிறுத்த, தேவைப்பட்டால் வந்த வழியே திரும்ப, தயாராக இருக்கும் நாளில் மட்டும் இங்கே வாருங்கள். வாட்சைப் பார்த்து மைலுக்கு இத்தனை நிமிடம் என்று ஓடியே ஆகவேண்டிய பயிற்சி நாள் என்றால் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்கள். கீழே நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

போவதற்கு முன்

டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளின் இணையதளத்தில் அன்றைய நாளுக்கான நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். வானிலை நன்றாக இருக்கும் சனி, ஞாயிறுகளில் இடம் நிரம்பிவிடும், வாசல் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பன்னிரண்டு வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறையாவது போவீர்கள் என்றால் வருடப் பாஸ் வாங்கிக்கொள்வது லாபம், அதே காரில் வருகிற எல்லோருக்கும் அது போதும். வாசல் திறக்கும் நேரத்தையும் அதே பக்கத்தில் பாருங்கள், ஏனென்றால் விடியுமுன் ஓடிப் பழகியவர்களுக்கு இங்கே அந்த வசதி கிடையாது.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெள்ள எச்சரிக்கை. இதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ஹூஸ்டனில் ஒரு வாரமாக வெயில் அடிக்கிறதே, பாதை காய்ந்திருக்கும் என்று நினைத்துக் கிளம்புவார்கள். ஆனால் பூங்காவின் கிழக்கு எல்லையே பிரேசோஸ் ஆறுதான். மேலே, வேக்கோ பக்கம் பெய்த மழை ஆற்றோடு இறங்கி இங்கே வந்து சேர நாட்கணக்கில் ஆகும். ஆறு உயர்ந்தால் பூங்காவுக்குள் ஓடும் பிக் கிரீக் ஓடையின் நீர் ஆற்றில் கலக்க முடியாமல் பின்வாங்கி, பாதைகள் மேல் ஏறும். 2016 ஜூன் தொடக்கத்தில், கொஞ்சம் மேலே இருக்கும் ரிச்மண்டில் ஆற்று மட்டம் 54 அடியைத் தாண்டியது, அடுத்த வருடம் ஹார்வி புயலில் 55 அடியைத் தாண்டியது. இரண்டு முறையும் பூங்காவை மூட வேண்டியதாயிற்று. தட்டையான நிலத்தில் வெள்ளம் வந்தால் வடிய வெகுநாள் பிடிக்கும். எனவே வானத்தைப் பார்ப்பதோடு ரிச்மண்ட் ஆற்று மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தப் பாதையில் ஓடுவது

முதல் முறை போகிறவர்களுக்கு ஃபார்ட்டி ஏக்கர் ஏரிதான் சரி. ஏரிக்கரைமேல் ஒரு சுற்று 1.2 மைல், கார் நிறுத்துமிடம், கழிவறை எல்லாம் பக்கத்திலேயே. கரைமேல் சரளை போட்ட அகலமான பாதை, ரோட்டில் ஓடும் சாதாரண ஷூவே போதும். ஒரு சுற்றை நடந்தே போங்கள் என்பேன். முதலைகள் எங்கெங்கே படுத்திருக்கின்றன, புல் எங்கே உயரமாக இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது என்பதெல்லாம் அந்த ஒரு சுற்றில் பிடிபட்டுவிடும். இரண்டாவது சுற்றிலிருந்து ஓடுங்கள்.

கொஞ்சம் பழகியபின், அங்கிருந்து பார்வைக் கோபுரத்தைத் தாண்டி, பைலண்ட் ஏரியை ஒட்டிப் போகும் ஸ்பில்வே பாதையில் இறங்கி எல்ம் ஏரிக்குப் போகலாம். எல்ம் ஏரிச் சுற்று 1.7 மைல். இரண்டு ஏரியையும் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்பினால் நாலு மைலுக்கு மேல் வந்துவிடும். இந்தப் பூங்காவில் ஒரே ஒரு ஓட்டம்தான் ஓட முடியும் என்றால் இதைத்தான் ஓடச் சொல்வேன். ஒரு பக்கம் திறந்த ஏரி, மறுபக்கம் தாமரை இலையும் நாணலும் அடைத்த சதுப்பு, நடுவில் ஒற்றைக் கரை. வேடந்தாங்கலோ கோடிக்கரையோ பார்த்தவர்களுக்கு இங்கே சொந்தக்காரர்கள் பலர் தென்படுவார்கள்: நம்மூர்ப் பாம்புத்தாராவின் அமெரிக்க வகை இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், இளஞ்சிவப்பு நிறக் கரண்டிவாயன் சேற்றைத் துழாவும், கோடையில் நம் நீலத் தாழைக்கோழிக்கு உறவான ஒன்று, ஆனால் அதைவிடச் சின்னது, தாமரை இலைமேல் நடந்து போகும். இதற்காகவாவது கோபுரத்தில் ஏறி ஐந்து நிமிடம் நில்லுங்கள், உங்கள் சராசரி வேகம் கெட்டுப்போனால் போகட்டும்.

எல்ம் ஏரியில் மீன்பிடி மேடைகள் இருக்கின்றன. தூண்டிலைப் பின்னால் வீசி எறிகிறவருக்கு நீங்கள் ஓடி வருவது தெரியாது, அதனால் மேடை வருகிற இடத்தில் குரல் கொடுத்துவிட்டுத் தாண்டுங்கள்.

நிழல் வேண்டுமென்றால் பிக் கிரீக்கை ஒட்டிய காட்டுப் பாதைகள், முக்கியமாக ரெட் பக்கை பாதை. ஓடை ஆற்றில் கலக்கும் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போகும். பெரிய ஓக் மரங்களில் ஸ்பானிஷ் மாஸ் நரைத்த தாடியாகத் தொங்கும் காடு. ஆனால் இங்கே தரையில் வேர்கள் துருத்திக்கொண்டிருக்கும், இலைச்சருகு அதை மூடியிருக்கும், காலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். மழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இந்த மண்ணுக்கு இங்கே கம்போ என்று பெயர். நம் கோவில்பட்டிக் கரிசல் மண்ணின் வகையைச் சேர்ந்ததுதான், காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனமாகும். ஈர மண்ணில் ஓடினால் பாதையும் பள்ளம் விழுந்து கெட்டுப்போகும், அதைச் சரிசெய்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

வீட்டில் எல்லோரும் வருகிறார்கள் என்றால், கிரீக்ஃபீல்ட் ஏரியைச் சுற்றித் தளம் போட்ட அரை மைல் பாதை இருக்கிறது, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் குழந்தைகளும் அங்கே நடக்கட்டும், நீங்கள் எல்ம் ஏரி வரை ஓடிவிட்டு வரலாம். அங்கேயே இருக்கும் இயற்கை மையத்தில் குட்டி முதலைகளை வைத்துப் பேசும் நிகழ்ச்சிகளும் நடக்கும்.

முதலை விஷயம்

பூங்கா சொல்லும் விதி: குறைந்தது 30 அடி தூரம். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. கரையோரமாக, தண்ணீரைப் பார்த்துப் படுத்திருக்கும் முதலை பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாது. வேகத்தைக் குறைத்து, பாதையின் மறு ஓரமாக ஒதுங்கி, நடந்து போங்கள். பாதை அவ்வளவு அகலம் இல்லாத இடத்தில், முப்பதடி கிடைக்காத இடத்தில், திரும்பிவிடுங்கள். பாதையின் குறுக்கே படுத்திருந்தால் தூரத்திலேயே நின்று காத்திருங்கள். அதுவாக எழுந்து தண்ணீருக்குள் போனால் சரி, போகவில்லையென்றால் அன்றைய ஓட்டம் அத்தோடு திரும்ப வேண்டியதுதான். வாலைத் தாண்டிக் குதிப்பது, கல்லெறிவது, கைதட்டி விரட்டுவது எதுவும் வேண்டாம். முதலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள், பயந்தால் அது தண்ணீரை நோக்கித்தான் ஓடும், அந்த வழியில் நீங்கள் நிற்கக் கூடாது.

சீறினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஒருவேளை பாய்ந்தே வந்தால், வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பாதீர்கள், தண்ணீரிலிருந்து விலகி நேராக ஓடுங்கள். தரையில் முதலையால் சிறிது தூரம்தான் வேகமாக வர முடியும்.

ஜூன், ஜூலையில் பெண் முதலைகள் இலைதழைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் குஞ்சு பொரியும். அந்த மாதங்களில் கரையோரப் புல்லுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் கேட்டால், தாய் எங்கேயோ மிகப் பக்கத்தில் இருக்கிறது. குட்டிகள் அழகாகத்தான் இருக்கும், மஞ்சள் கோடு போட்ட உடம்போடு. போனை எடுக்காமல் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஓடுவதற்கு நல்ல பருவமும் முதலை வெயில் காயும் பருவமும் ஒன்றாக வருவது இங்கே இருக்கும் சிக்கல். குளிர்காலத்தில், முதல் நாள் குளிரடித்து மறுநாள் பளிச்சென்று வெயில் வந்தால், நாம் ஷூவை மாட்டும் அதே நேரத்தில் அவையும் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள கரைமேல் ஏறும், ஏனென்றால் சுற்றுப்புற வெப்பத்தை வைத்துத்தான் அவற்றின் உடம்பு இயங்குகிறது. டிசம்பரில் முதலை தூங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்போடு தலையைக் குனிந்து ஓடாதீர்கள்.

காதில் எதையும் மாட்டாதீர்கள். சீறலும் கேட்க வேண்டும், பின்னால் வரும் சைக்கிள் மணியும் கேட்க வேண்டும். பாட்டில்லாமல் ஓட முடியாது என்பவர்கள் காதை அடைக்காத வகையைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். தொப்பியை நனைக்கவோ கை கழுவவோ ஏரிக்குள் குனிய வேண்டாம், ஷூ நாடாவைக் கட்டுவதானால் கரையின் நடுவில் நின்று கட்டுங்கள். குழந்தைகள் கூட ஓடுகிறார்கள் என்றால் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் இல்லாத பக்கமாக. நாயைக் கொண்டுவர அனுமதி உண்டு, ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஆனால் முதலையின் கண்ணுக்கு நாய் இரை அளவு, அதனால் ஏரிக்கரை ஓட்டத்துக்கு நாயை வீட்டில் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சிப்ஸோ பிரெட்டோ பழமோ எதையும் முதலைக்கு எறியாதீர்கள், குழந்தைகளையும் எறிய விடாதீர்கள். டெக்சஸில் அது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், மனிதரைக் கண்டால் சோறு என்று பழகிப்போன முதலை மனிதரைத் தேடி வரும், வந்தபின் அதை அங்கிருந்து அகற்றுவார்கள், பெரும்பாலும் உயிரோடு விடமாட்டார்கள். வேட்டையாடியே தீர்ந்துபோகும் என்று 1967இல் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்து, இருபது வருடம் பாதுகாத்து, 1987இல் மீட்டு எடுத்த இனம் இது. இன்று நாம் பயந்து ஒதுங்கி ஓடும் அளவுக்கு அவை இருக்கின்றன என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பாம்பு, பூச்சி, சிலந்தி

நீரோரம் காட்டன்மவுத் என்னும் நச்சுப்பாம்பு இருக்கும், காட்டுப் பக்கம் காப்பர்ஹெட் இருக்கும். காட்டன்மவுத் மற்ற பாம்புகள் மாதிரி உடனே விலகிப் போகாமல் வாயைத் திறந்து வெள்ளையாகக் காட்டிக்கொண்டு அப்படியே இருப்பதுண்டு. நின்று, பின்வாங்கி, சுற்றிப் போங்கள். கட்டை மேல் கால் வைத்துத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தாண்டுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், ஓடாமல், 911 கூப்பிடுங்கள். தனியாகப் போகிறவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இதற்காகத்தான்.

கோடை முடிவில் காட்டுப் பாதைகளின் குறுக்கே பெரிய மஞ்சள் சிலந்திகள் வலை கட்டியிருக்கும், சரியாக நம் முக உயரத்தில். மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லாத சிலந்திதான், ஆனாலும் மூஞ்சியில் அப்பினால் யாருக்கும் பிடிக்காது. விளிம்பு வைத்த தொப்பி போட்டு, அந்த மாதங்களில் ஏரிக்கரைப் பாதைகளிலேயே ஓடுங்கள். நெருப்பெறும்புப் புற்று எங்கும் உண்டு, நின்று மூச்சு வாங்கும்போது காலடியைப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி மேல் பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும், பாதையைவிட்டு இறங்காமல் இருந்தாலே அதிலிருந்து தப்பிக்கலாம். கொசுவுக்கு டீட் கலந்த மருந்தைக் காரிலேயே பூசிக்கொண்டு இறங்குங்கள், இறங்கினபின் பூசலாம் என்றால் அதற்குள் பத்து கடி விழுந்திருக்கும்.

தட்டையான தரையில் எப்படி ஓடுவது

மேடே இல்லை, சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நாலு மைலுக்கு அது சரி. பத்து மைல் ஓடிப் பாருங்கள், ஆடுசதையும் இடுப்பின் முன்பக்கமும் இறுகிப்போகும். மேட்டில் ஏறும்போது ஒரு தசை உழைக்கும், இறங்கும்போது இன்னொன்று உழைக்கும், முதலாவதுக்கு ஓய்வு கிடைக்கும். தட்டைத் தரையில் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அதே தசைகள், அதே அளவு அடி. இதற்கு வழி, களைப்பு வருமுன்பே நடப்பது. ஒன்பது நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வொரு பெஞ்சு வரும்போதும் முப்பது காலடி நடங்கள். நடக்கும் நேரம் கரையைப் பார்க்கவும் உதவும், முதலையை முன்கூட்டியே கண்டுகொள்கிறவர்கள் நடந்துகொண்டிருப்பவர்கள்தான். நடுநடுவே அரை நிமிடம் சின்னச் சின்ன அடியாக வேகமெடுத்தால் தசைக்கு ஒரு மாற்றம் கிடைக்கும். அதை இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும் நேர் பாதையில் மட்டும் செய்யுங்கள், திருப்பத்தில் வேண்டாம்.

திறந்த கரையில் எதிர்க்காற்று வரும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையை அமைத்துக்கொண்டால் கடைசி மைல் சுகமாக இருக்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தால், இல்லை, சொல்ல வேண்டும். நாம் புழுக்கத்தில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் அதில் பத்து மைல் ஓடி வளரவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை டியூ பாயிண்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் அவ்வளவு இருந்தால் வியர்வை வழியுமே தவிர காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. வானிலைச் செயலியில் வெப்பநிலையைவிட டியூ பாயிண்டைப் பாருங்கள். 65க்குக் கீழே என்றால் தாராளமாக ஓடுங்கள், 70க்கு மேல் என்றால் பேச முடிகிற வேகத்தில் பாதி தூரம், 75க்கு மேல் நடை போதும். தலை சுற்றுவது, வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு சிலிர்ப்பது, குமட்டுவது வந்தால் ஓட்டத்தை முடித்துவிட்டு நிழலுக்குப் போய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றுங்கள். ஏரிகளுக்கு நடுவே குழாய் கிடையாது என்று வைத்துக்கொண்டு முழுத் தண்ணீரையும் முதுகிலோ கையிலோ எடுத்துப் போங்கள். காரில் ஐஸ்பெட்டிக்குள் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

நல்ல மாதங்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை. பிரேசோஸ் பெண்ட் 100 என்ற நூறு மைல் போட்டியும் டிசம்பரில்தான் நடக்கும், அதோடு குறைந்த தூர ஓட்டங்களும் சேர்ந்திருக்கும். இரவெல்லாம் நெற்றி விளக்கோடு இதே ஏரிக்கரைகளில் ஓடுவார்கள். விளக்கை ஏரிப்பக்கம் திருப்பினால் முதலைகளின் கண்கள் சிவப்பாக மின்னும். நீங்களாகவே இருட்டில் தனியாக ஓடிப் பார்க்க வேண்டாம், அப்படி ஓட ஆசையிருந்தால் போட்டியிலோ பழகிய குழுவோடோ ஓடுங்கள். சனிக்கிழமை மாலை ஓட்டத்தை முடித்தவர்கள் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஜார்ஜ் வானியல் மையத்துக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தால், 36 அங்குலத் தொலைநோக்கியில் சனிக்கோளையோ நிலவையோ பார்த்துவிட்டு வரலாம். குழந்தைகளைக் கூட்டிப்போக இதைவிட நல்ல சாக்கு வேறு கிடையாது.

காருக்குத் திரும்பியதும் உட்காருமுன் சாக்ஸைக் கழற்றி, கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டை இருந்த இடம் எல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிகர் என்கிற செம்பூச்சி கண்ணுக்கே தெரியாது, மறுநாள்தான் அரிக்கும், வீட்டுக்குப் போனதும் சோப்புத் தேய்த்துக் குளித்தால் பெருமளவு போய்விடும். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் பூங்காவிலேயே ஒரு குச்சியால் சுரண்டிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஒரு நீர்நிலையின் களை இன்னொன்றுக்குப் போவது பல நேரம் ஷூவிலும் படகிலும் ஒட்டிக்கொண்டுதான். காலில் மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், சீட்டில் விரிக்க ஒரு பழைய துண்டும் டிக்கியில் கிடக்கட்டும்.